கணக்குச் சொல்லாதவன் பேரைக் குடத்துல போடாதே

நவரை நடவு முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு. ஏரியில தண்ணி இருக்கிறதால இந்த வருஷம் கவலை கொஞ்சம் கம்மி. எங்க முறைத் தண்ணி வர ராத்திரி பதினோரு மணி ஆகுமாம். அதுவரைக்கும் மடைப் பக்கத்துல உக்காந்து போன்ல இதைத் தட்டிக்கிட்டு இருக்கேன். வழக்கமா மாடு, மழை, கூலி, யூரியான்னு எழுதுவேன். இன்னைக்கு எங்க சர்ச்சைப் பத்தி எழுதப் போறேன். ரொம்ப நாளா தொண்டையில நிக்கிற முள்ளு இது.

மூணு மாசம் முன்னாடி எங்க ஊர்ச் சபையில அறுப்பின் பண்டிகை. பட்டணத்துல இருக்கிறவங்களுக்காகச் சொல்றேன்: விளைஞ்சதுல ஒரு பங்கை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்போம். நெல்லு, வேர்க்கடலை, பூசணிக்காய், கோழி, முட்டை எல்லாம் வரும். ஆராதனை முடிஞ்சதும் ஏலம் விட்டு, வர்ற பணம் சபைக்குச் சேரும். சின்ன வயசுலேருந்து எனக்கு கிறிஸ்மஸை விடப் பிடிச்ச பண்டிகை.

இந்தத் தடவை மேலேருந்து ஒரு பெரிய ஐயா வர்றாருன்னு சொன்னாங்க. எந்தச் சபை, என்ன பதவின்னு நான் சொல்லப் போறதில்ல. ஒருத்தரைத் தூக்கி வெளியில போட்டா சரியாப் போற விஷயமா இருந்தா பேரைச் சொல்லியிருப்பேன். மெயின் ரோட்டுலேருந்து ஆலயம் வரைக்கும் ஃப்ளெக்ஸ். அதுல இயேசு படம் ஒரு ஓரத்துல சின்னதா, ஐயா படம் ஆளுயரத்துக்கு. பேண்டு வாத்தியம், ஆளுயர மாலை, எட்டுச் சால்வை. கல்யாண மண்டபத்துலேருந்து மாப்பிள்ளை உக்கார்ற சிவப்பு வெல்வெட் நாற்காலியை வாடகைக்கு எடுத்துட்டு வந்து பீடத்துல போட்டாங்க. ஜனங்க எப்பவும் போல பாயில.

ஒன்றரை மணி நேரம் லேட்டா வந்தார். கையில பூ வச்சிக்கிட்டுப் பிள்ளைங்க வெயில்ல நின்னுச்சுங்க. அன்னைக்குப் பிரசங்கம் எதைப் பத்தின்னு நினைக்கிறீங்க? தாழ்மை. முத்தின கதிர் தலை குனியும், பதர்தான் நிமிர்ந்து நிக்கும்னு எங்களுக்குச் சொன்னார். எங்களுக்கு!

எங்க தெருவுல ஒரு ஆயா இருக்காங்க. எண்பது வயசு இருக்கும். வளர்த்த நாட்டுக்கோழியைக் காலைக் கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. ஐயா தலையில கை வச்சு ஒரு ஜெபம் பண்ணுவாருன்னு ஆசை. பிரசங்கம் முடிஞ்சதும் அடுத்த கூட்டத்துக்கு நேரமாச்சுன்னு கார்ல ஏறிட்டார். ஆயா கோழியோட அப்படியே நின்னாங்க. "பரவால்லபா, பெரியவரு, எம்மா வேலை இருக்கும்"னாங்க. கோழி ஏலத்துல போச்சு.

அப்பால நானே உக்காந்து கூட்டிப் பார்த்தேன். அன்னைக்கு ஏலத்துல வந்த மொத்தத்தை விட வரவேற்புச் செலவு ஜாஸ்தி. மேல அஸ்பெஸ்டாஸ் கூரை ரெண்டு மழையா ஒழுகிக்கிட்டு இருக்கு. கமிட்டியில கேட்டேன். "இன்னாத்துக்குபா கணக்கு? ஊழியக்காரரைக் கேள்வி கேட்டா சாபம் வரும்"னு ஒரு பெரியவர் அடக்கிட்டார். அபிஷேகம் பண்ணப்பட்டவங்களைத் தொடக் கூடாதுன்னு ஒரு வசனம் இருக்கே, அதை எடுத்து என் முன்னாடி வேலி மாதிரி போட்டாங்க.

அந்த வேலியைப் பத்தி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ராஜாக்களுக்கே அபிஷேகம் பண்ணினவர் சாமுவேல் தீர்க்கதரிசி. வயசாகிப் பொறுப்பை இறக்கி வைக்கிறப்போ அவர் என்ன பண்ணினார்? ஜனங்க முன்னாடி நின்னு, நான் யாரோட மாட்டைப் பிடிச்சேன், யாரோட கழுதையை எடுத்தேன், யார்கிட்ட கை நீட்டினேன், சொல்லுங்க, திருப்பித் தரேன்னார். அதுக்குப் பேரு கணக்கு ஒப்படைக்கிறது. பவுல் அப்போஸ்தலரும் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைத் தனியா எடுத்துட்டுப் போகல. யாரும் குறை சொல்லக் கூடாதுன்னு சபைகள் தேர்ந்தெடுத்த ஆளைக் கூட வச்சிக்கிட்டார். இதெல்லாம் அதே வேதாகமத்துல இருக்கு. ஆனா வேலி போடுறப்போ மட்டும் ஒரே ஒரு வசனம் போதும்.

கமிட்டியில வாயடைச்சுப் போன மறுவாரம் விதை விஷயமா உத்திரமேரூர் போனேன். பஸ் ஸ்டாண்டுலேருந்து நடக்கிற தூரத்துல வைகுண்டப் பெருமாள் கோயில். குடவோலைக் கல்வெட்டுன்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. முதல் பராந்தக சோழன் காலத்துது. 919ல ஒண்ணு, 921ல இன்னொண்ணு. 2020 டிசம்பர்ல புது நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டுறப்போ பிரதமரே இதைச் சொன்னார். எங்க ஊருக்கு ஒரே பெருமை. ஆனா பெருமைப்படுறவங்கள்ல எத்தனை பேர் அதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டிருப்பாங்கன்னு தெரியல.

ஊரை முப்பது குடும்புகளாப் பிரிச்சு, தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்க. ஓலையை வாங்குறவர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். பதவி 360 நாள். ஒரு தடவை இருந்தா அடுத்த மூணு வருஷத்துக்கு இடம் கிடையாது.

எனக்குப் பிடிச்சது இன்னொரு விதி. ஏதாவது ஒரு வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாமப் போனவன் பேரைக் குடத்துலயே போடக் கூடாது. அவன் மட்டும் இல்ல. அவன் அப்பன், பிள்ளை, அண்ணன் தம்பி, மாமனார், மருமகன், மச்சான், சித்தி பெரியம்மா பிள்ளைங்கன்னு ஒரு பட்டியலே இருக்கு, அவங்க பேரும் கூடாது. நம்ம ஊர்ச் சொந்தபந்தம் எப்படி வேலை செய்யும்னு நல்லாத் தெரிஞ்சவன் எழுதினது.

இதைச் சொன்னா ஒரு உண்மையையும் சேர்த்துச் சொல்லணும். அது பிராமணர் சபை. சொந்த நிலமும் வேத அறிவும் உள்ள ஆம்பளைங்க பேர்தான் குடத்துல விழும். என் பாட்டன் முப்பாட்டன் பேரு அந்தக் குடத்துப் பக்கத்துல கூடப் போயிருக்காது. அதனால அதைப் பொற்காலம்னு தலையில தூக்கி ஆட நான் தயாரில்ல. ஆனா அந்தக் கல்லுல இருக்கிற ஒரு புத்தியை மட்டும் எடுத்துக்குவேன். வேதம் படிச்சவன், யோக்கியன், நிலம் உள்ளவன்னு இத்தனை சல்லடையில சலிச்ச பிறகும் அவங்க அவனோட நல்ல மனசை நம்பல. கணக்கையும் காலக்கெடுவையும் நம்பினாங்க. தாழ்மைங்கிறது குணம்னு நாம பிரசங்கம் பண்ணிக்கிட்டு இருக்கோம். அவங்க அதை ஒரு ஏற்பாடா மாத்தி, கல்லுல வெட்டி வச்சிட்டாங்க.

நம்ம சபைகள்ல என்ன நடக்குது? தென்னிந்தியத் திருச்சபையை எடுத்துக்குங்க. 1947 செப்டம்பர் 27ல, சுதந்திரம் வந்து ஒன்றரை மாசத்துல உருவான சபை. பல மிஷன்காரங்க தங்கள் தனிக்கொடியை இறக்கிட்டு ஒண்ணாச் சேர்ந்தாங்க. உலகமே திரும்பிப் பார்த்த விஷயம் அது. அந்தச் சபையில பேராயர் ஓய்வு வயசை 67லேருந்து 70 ஆக்குற திருத்தமும் தேர்தல் தகராறும் கோர்ட்டுக்குப் போச்சு. 2024 ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் நடத்தி வைக்க ரெண்டு ஓய்வு பெற்ற நீதிபதிகளை நிர்வாகிகளா நியமிச்சது. அப்புறம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. யார் பக்கம் நியாயம்னு நான் பேச வரல, அது சட்டம் தெரிஞ்சவங்க வேலை. கால் கழுவச் சொன்ன எஜமானோட வீட்டுல, யார் எத்தனை வயசு வரைக்கும் நாற்காலியில இருக்கலாம்னு ஒரு நீதிபதி சொல்ல வேண்டியிருக்கே, அதுதான் என் வருத்தம். உத்திரமேரூர்க்காரங்களும் வயசை மாத்தினவங்கதான். முதல் கல்வெட்டுல 30லேருந்து 60, ரெண்டு வருஷம் கழிச்சு 35லேருந்து 70. ஆனா வயசு எப்படி மாறினாலும் 360 நாள் முடிஞ்சா வீட்டுக்குப் போயிடணும்.

"வெள்ளைக்காரன் காலத்துல எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு"ன்னு சில பெருசுங்க சொல்வாங்க. அதுவும் பாதிப் பொய். 1910ல எடின்பரோ மாநாட்டுல நம்ம நெல்லைச் சீமை வெள்ளாளன்விளைக்காரர் அசரியா எழுந்து நின்னு மிஷனரிகள் முகத்துக்கு நேரா அதைச் சொல்லிட்டார். தியாகம் எல்லாம் பண்றீங்க, ஆனா எங்களோட சமமா நட்பு வச்சிக்க மாட்டேங்கிறீங்கன்னு கேட்டார். சபையில சலசலப்பு. ரெண்டு வருஷத்துல அவரே தோர்ணக்கல்லுல பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில இந்தியாவோட முதல் இந்தியப் பேராயர்.

லெஸ்லி நியூபிகின்னு ஒருத்தர். 1936ல மிஷனரியா இங்க வந்தவர், அப்புறம் காஞ்சிபுரத்துலயே சில வருஷம் இருந்தார். வந்த புதுசுல கிராமத்துச் சபைகளைப் பார்க்கப் போன அனுபவத்தை எழுதி வச்சிருக்கார். பிரபு மாதிரி கார்ல போறோம், வழியில நடக்கிறவங்க மேல எல்லாம் சேறு அடிக்கிறோம், இறங்கி நின்னு குத்தம் கண்டுபிடிக்கிறோம், ஜனங்க விறைப்பா நின்னு ஐயா ஐயாங்கிறாங்க, இது புதிய ஏற்பாட்டுக்கு எவ்வளவு தூரம்னு வெக்கப்பட்டிருக்கார். இது நிலைக்காதுன்னும் எழுதினார். அந்த ஒரு விஷயத்துல அவர் கணக்குத் தப்பாப் போச்சு. வெள்ளைக்காரர் எழுந்து போன நாற்காலியில நம்மாளு உக்காந்தார், சேறு மட்டும் இன்னும் எங்க மேலதான் அடிக்குது.

நியூபிகின் பின்னாடி என்ன பண்ணினாருங்கிறதையும் சொல்லணும். 1947ல 37 வயசுல மதுரை-இராமநாதபுரம் பேராயர். அப்புறம் சென்னையில பேராயர். 1974ல ஓய்வு பெத்து, மனைவியோட கொஞ்சம் மூட்டை முடிச்சைத் தூக்கிக்கிட்டு பஸ் பஸ்ஸா மாறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அங்க அவரோட சபைக்குத் தலைவராவும் ஒரு வருஷம் இருந்துட்டு, எழுபது வயசுல பர்மிங்காம்ல ஜெயிலுக்கு எதிர்ல, மூடிடலாம்னு இருந்த ஒரு சின்ன சபைக்குப் போதகராப் போய் உக்காந்தார். எழுபது வயசுன்னா ஒருத்தருக்கு நாற்காலியை நீட்டிக்கிற வயசு, இன்னொருத்தருக்குக் கீழ இறங்கி உக்கார்ற வயசு.

மிஷனரிங்க எல்லாரும் துரைத்தனம் பண்ணினாங்கன்னும் சொல்ல முடியாது. 1892ல செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்கீர் இந்த மாவட்டத்துப் பறையர் ஜனங்க நிலமில்லாம படுற பாட்டை அறிக்கையா எழுதினார். அதுலேருந்துதான் பஞ்சமி நிலம் வந்துச்சு. அதே நேரத்துல செங்கல்பட்டுல ஆதாம் ஆண்ட்ரூங்கிற ஸ்காட்லாந்து மிஷனரி ஜனங்களுக்கு நிலம் வேணும்னு சர்க்காரோட மல்லுக்கட்டினார். பெரிய ஐயாவோட பதவி ஏழை ஜனத்துக்கு எதுக்கு உதவும்னு கேட்டா இதைத்தான் காட்டுவேன். கலெக்டர் ஆபீஸ்ல நம்மளை வாசல்லயே நிறுத்துவாங்க, அவரை உள்ள கூப்பிடுவாங்க. அந்தச் செல்வாக்கைப் பட்டா விஷயத்துக்குச் செலவு பண்ணினா அவருக்கு நானே மாலை வாங்கிப் போடறேன்.

பெரிய வியாழக்கிழமை பன்னெண்டு பேர் காலைக் கழுவுறாங்களே, அது தாழ்மை இல்லையான்னு கேப்பீங்க. முதல் நாளே பேர் எழுதி, வீட்டுலயே சோப்புப் போட்டுத் தேய்ச்ச காலைத்தான் நாங்க கொண்டுபோய் நீட்டுறோம். 2013ல போப் பிரான்சிஸ் ரோம்ல சிறுவர் ஜெயிலுக்குப் போய்க் கைதிப் பிள்ளைங்க காலைக் கழுவினார். அதுல பொண்ணுங்களும் இருந்தாங்க, முஸ்லிம்களும் இருந்தாங்க. அதுவும் சடங்குதான், ஆனா யாரு கால்னு பாருங்க. சேத்துக் காலு வேணும்னா நடவு நாள்ல என் வயலுக்கு வரட்டும், இருபது ஜோடி இருக்கும்.

ஐயாமார் மேலயே எல்லாப் பழியும் போடுறது நியாயம் இல்ல. கிராமத்துல இருக்கிற சாதாரணப் போதகருக்கு நாலு ஊர், ஒரு பழைய வண்டி, கைக்கும் வாய்க்கும் எட்டாத சம்பளம். அவரும் அன்னைக்கு எங்களோட வெயில்லதான் நின்னார். வெல்வெட் நாற்காலியை ஐயா கேக்கல. நாமதான் கொண்டுபோய்ப் போட்டோம். நம்ம ஊர்ச் சபைக்கு இவ்வளவு பெரியவர் வந்தார்னு பக்கத்து ஊருக்குக் காட்டணும். காலம் காலமா மத்த வாசல்ல கை கட்டி நின்ன ஜனம் நாம. நமக்குன்னு ஒரு பெரிய மனுஷன் வேணுங்கிற ஆசை எனக்குப் புரியுது. ஆனா நம்ம ஆளுன்னு தூக்கி வச்சதும் அவர் முன்னாடியும் அதே மாதிரி கை கட்டிக்கிறோமே. கனத்துல குனிஞ்ச கதிர் வேற, காத்து மழையில சாஞ்ச பயிர் வேற. தூரத்துலேருந்து பார்த்தா ரெண்டும் குனிஞ்ச மாதிரிதான் தெரியும். சாஞ்சது தண்ணியில கிடந்து முளைச்சிப் போயிடும்னு விவசாயிக்குத் தெரியும். எங்க சபையில நான் பாக்குறது நிறைய சாஞ்ச பயிர்.

இப்ப என் கணக்கைச் சொல்லணும். ஒன்பது வருஷம் நான்தான் எங்க சபைப் பொருளாளர். தப்பா ஒரு ரூபாய் எடுத்ததில்ல, எழுதாம விட்டதும் இல்ல. ஆனா அந்த நோட்டை ஜனங்க முன்னாடி ஒரு தடவை கூட வாசிக்கல. ஒரு ஞாயித்துக்கிழமை, இதே ஆயாதான், "நான் கூரைக்குன்னு குடுத்த ஐந்நூறு இன்னா ஆச்சுபா?"ன்னு கேட்டாங்க. எனக்குச் சுள்ளுன்னு வந்துச்சு. "என்னைத் திருடன்னு நினைக்கிறியா ஆயா?"ன்னு எல்லார் முன்னாடியும் கத்திட்டேன். அவங்க அதுக்கப்புறம் என்னை எதுவுமே கேக்கல. நான் யோக்கியன்னு நிரூபிச்சிட்டதா நினைச்சு வீட்டுக்கு வந்து நிம்மதியா சாப்பிட்டேன்.

போன மாசம்தான் உறைச்சுது. வெல்வெட் நாற்காலி பெருமையும் என் பெருமையும் ஒரே சாதி. நான் நல்லவன், என்னை எவன் கேக்குறது? அவ்வளவுதான் அதோட வேர். பொருளாளர் பதவியை விட்டுட்டேன். விடறதுக்கு முன்னாடி ஒன்பது வருஷ நோட்டையும் ஆராதனை முடிஞ்சதும் உக்காந்து வாசிச்சேன். பாதிப் பேர் எழுந்து போயிட்டாங்க. ஆயா கடைசி வரைக்கும் இருந்தாங்க. கூரைக்கு வந்த பணம் பக்கம் வந்தப்போ அவங்க பேரைச் சத்தமா வாசிச்சு, அது எதுக்குச் செலவாச்சுன்னும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். "அது கிடக்கட்டும் விடு, வாசிச்சல்ல"ன்னாங்க.

இதைப் படிக்கிற பட்டணத்து ஜனங்களுக்கு ஒரு வேண்டுகோள். சொந்த ஊர்ச் சபைக்குன்னு பண்டிகைக்குப் பணம் அனுப்புறது நீங்கதான். உங்க பேரை ஃப்ளெக்ஸ்ல போடுறதுக்காகவே எங்க ஆளுங்க ஃப்ளெக்ஸ் அடிக்கிறாங்க. பேர் வேணாம்னு சொல்லுங்க, ரசீது வேணும்னு சொல்லுங்க. வரவு செலவை மாசாமாசம் ஆலயக் கதவுல ஒட்டினாத்தான் அடுத்த பணம்னு சொல்லுங்க. நான் கேட்டா சாபம் வரும், நீங்க கேட்டா டீ வரும். அந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் எங்களுக்காகச் செலவு பண்ணுங்க. நீங்க கிறிஸ்தவரா இல்லன்னாலும் பரவாயில்ல. உங்க ஊர்க் கோயில் திருவிழாக் கமிட்டியிலயும், சங்கத்துலயும், அபார்ட்மெண்ட் அசோசியேஷன்லயும் கணக்குக் கேட்டா கோவப்படுற ஒருத்தர் இருப்பார். என்னை மாதிரி.

அடுத்த மாசம் எங்க சபையில கமிட்டித் தேர்தல். ரெண்டு விஷயம் எழுதிக் கொடுத்திருக்கேன். கணக்கு வாசிக்காதவங்க பேர் அடுத்த தடவை நிக்கக் கூடாது. வெளியிலேருந்து யார் வந்தாலும் எங்களோட பாயில உக்காரணும், முட்டி வலின்னா பிளாஸ்டிக் நாற்காலி. முதலாவதுக்கு நாலு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. ரெண்டாவதுக்கு இதுவரைக்கும் ஆயா கைநாட்டு மட்டும்தான்.

மடையில தண்ணி வர்ற சத்தம் கேக்குது. போறேன்.